சாம்பல் சுவருக்குப் பச்சை நிறம்

எங்கள் வீட்டுப் படுக்கையறையின் நான்கு சுவர்களும் பதினொரு வருடமாகச் சீமெந்து நிறத்திலேயே இருந்தன. செட்டிகுளம் முகாமிலிருந்து 2010 இல் ஊருக்குத் திரும்பி, மூன்று வருடம் தகரக் கொட்டிலில் வாழ்ந்த பின்னர் 2013 இல்தான் இந்திய வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கு வீடு கிடைத்தது. ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டங்கட்டமாகத் தந்தார்கள். கல்லும் மண்ணும் கூலியும் ஏறிய ஏற்றத்தில் அந்தக் காசு கூரையோடு முடிந்துவிட்டது. உட்சுவருக்குச் சீமெந்து பூசவும் நிலத்துக்குச் சீமெந்து இழுக்கவும் என் காப்புச் சோடி அடகுக்குப் போனது. அதற்குமேல் பெயின்ற் பற்றி யார் நினைப்பார்கள்?

காசில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. என் கணவர் 2009 வைகாசியில் காணாமற் போனவர். வீடு கட்டும்போது மாமி ஒரு சொல் சொன்னா. "பெயின்ற் அடிக்கிறதை விடு பிள்ளை. அவன் வந்து தனக்குப் பிடிச்ச நிறத்தை அடிக்கட்டும்." நானும் சரியென்றுவிட்டேன். அதன் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

சுவர் அப்படியே கிடந்தது. சீமெந்துச் சுவர் வெளிச்சத்தைக் குடித்துவிடும். பின்னேரம் நாலு மணிக்கே எங்கள் அறை இருண்டுவிடும். கட்டிலோடு சுவர் உரசும் இடத்தில் எந்நாளும் தூள் கொட்டும். விரிப்பை உதறி உதறியே கை ஓய்ந்துவிடும். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவளுடைய சிநேகிதி ஒருத்தி புத்தகம் வாங்க வந்தபோது, மகள் ஓடிப்போய் அறைக்கதவைச் சாத்தியதைக் கண்டேன். இரவில் கேட்டேன். "கிணத்துக்குள்ள இருந்து படிக்கிற மாதிரி இருக்கு அம்மா" என்றாள்.

மாமியிடம் நான் நேராகவே கதைத்தேன். "மாமி, பெயின்ற் அடிச்சால் ஐஞ்சாறு வருசத்தில திரும்பவும் அடிக்கத்தான் வேணும். அவர் வந்தால் அவருக்குப் பிடிச்சதை அப்ப அடிக்கட்டும். அதுவரைக்கும் பிள்ளை வெளிச்சத்தில இருந்து படிக்கட்டும்." மாமி பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் காலமை அறை மூலையில் இருந்த தன்னுடைய ரங்குப் பெட்டியைத் தானே இழுத்து விறாந்தையில் வைத்தா. அதுதான் சம்மதம் என்று விளங்கிக்கொண்டேன்.

ஊர் வாய் வேறு. "புருசன் இல்லாத வீட்டில ஆர் பாக்கிறதுக்கு இந்தச் சோடனை?" என்று தண்ணீர்க் குழாயடியில் ஒருவர் கேட்டா. அந்த அறையில் படுத்தெழும்புகிற நாங்கள் பார்க்கிறதுக்குத்தான் என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் அந்தக் கதைக்கு நேரம் கொடுக்கவில்லை.

கையில் இருந்தது 15,000 ரூபா. தையற் காசில் பிடித்த சீட்டு. "வீட்டுத் திருத்தத்துக்கு ஒரு இலட்சம் தாறம் அக்கா, கிழமைக் கிழமை கட்டலாம்" என்று குழுக் கடன் கொடுக்கும் தம்பி ஒருவர் படலை வரைக்கும் வந்தார். கிழமைக் கட்டுப்பணத்தில் மாட்டிய எத்தனை பேரை எங்கள் ஒழுங்கையிலேயே பார்த்திருக்கிறேன். 2018 இல் நுண்கடன் எடுத்த பெண்களுக்கென்று அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்ததை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். சுவருக்குப் பூசும் நிறத்துக்குக் கடன் படுவதில்லை என்று முடிவெடுத்தேன். 15,000 ரூபாவுக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

முதலில் கிளிநொச்சியில் ஒரு கடைக்கு வெறுங்கையோடு போனேன். அது என் பிழை. "வீட்டில ஆம்பிளைகள் இல்லையோ? மேசனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா" என்றார் கடைக்காரர். பிறகு அறையின் அளவைக் கேட்காமலே பத்து லீற்றர் வாளி ஒன்றைத் தூக்கி மேசையில் வைத்தார். விலையைக் கேட்டதும் பேசாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அன்றிரவு மகளும் நானும் தையல் நாடாவை எடுத்து அறையை அளந்தோம். இந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மிச்சமெல்லாம் இதில்தான் இருக்கிறது.

எங்கள் அறை பத்து அடிக்குப் பத்து அடி. சுவரின் உயரம் ஒன்பது அடி. ஆகவே ஒரு சுவர் 90 சதுர அடி. நான்கில் இரண்டு வெளிச்சுவர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு யன்னல். மற்ற இரண்டும் உட்சுவர்கள், அவற்றில் ஒன்றில் கதவு. கதவுக்கு 20 சதுர அடி கழித்தால் உட்சுவர்கள் இரண்டும் சேர்ந்து 160 சதுர அடி. பெயின்ற் பேணியில் சதுர மீற்றரில்தான் எழுதியிருப்பார்கள். சதுர அடியை 10.76 ஆல் பிரித்தால் சதுர மீற்றர் வரும். 160 ஐப் பிரித்தால் ஏறத்தாழ 15.

பேணியில் ஒரு லீற்றர் 10 முதல் 12 சதுர மீற்றர் வரை போகும் என்று இருந்தாலும் அது வழுவழுப்பான சுவருக்கு, ஒரு தரம் அடிக்க. எங்களுடையது போன்ற சொரசொரப்பான சுவர் கூடக் குடிக்கும். நான் லீற்றருக்கு 8 என்றே கணக்கெடுத்தேன். இரண்டு தரம் அடிக்க 30 சதுர மீற்றர், அதை 8 ஆல் பிரித்தால் நாலு லீற்றருக்குச் சற்றுக் குறைவு. நாலு லீற்றர் பேணி ஒன்று போதும். அடியில் பூசும் பிறைமர் ஒரு தரம்தான், இரண்டு லீற்றர்.

அப்படியானால் வெளிச்சுவர்கள் இரண்டும்? அவற்றுக்குச் சுண்ணாம்பு என்று தீர்மானித்தேன். காசைப் பார்த்து மட்டுமல்ல. மாரியில் மழை அடிப்பது அந்த இரண்டு சுவர்களுக்கும்தான். வெளிப்பக்கம் இன்னும் நிறம் காணாத சுவர் என்பதால் ஈரம் உள்ளே வரும். அதன்மேல் எமல்சன் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரியும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே போகவிடும். பூஞ்சணமும் அதில் இலேசில் பிடிக்காது. ஆனால் உரசினால் உடுப்பில் ஒட்டும். அதனால்தான் கட்டிலும் மேசையும் முட்டும் உட்சுவர்களுக்கு எமல்சன், யாரும் சாயாத யன்னல் சுவர்களுக்குச் சுண்ணாம்பு. ஒன்றைக் கவனியுங்கள்: ஏற்கெனவே எமல்சன் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. வெறும் சீமெந்துச் சுவருக்குத்தான் இந்த யோசனை.

இந்தக் கணக்குத் தாளோடு வேறொரு கடைக்குப் போனபோது கதையே வேறு. "நாலு லீற்றர் எமல்சன், உட்சுவருக்கு, இரண்டு லீற்றர் பிறைமர்" என்று சொன்னதும் அந்தப் பெடியன் மறுபேச்சில்லாமல் எடுத்துத் தந்தான். நிற அட்டையையும் ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுபோகத் தந்தான்.

நிறம் தெரிவதுதான் பெரிய சண்டை. மகளுக்குக் கத்தரிப்பூ நிறம் வேண்டும். எனக்கு வெளிச்சம் வேண்டும். அட்டையைச் சுவரில் பிடித்துக் காலையிலும் மத்தியானமும் விளக்கு வெளிச்சத்திலும் பார்த்தோம். அட்டையில் சிறிதாகப் பார்க்கும் நிறம் சுவர் முழுக்க வரும்போது ஒரு படி கூடித் தெரியும். ஆகவே பிடித்ததற்கு ஒரு படி இளமையானதை எடுங்கள். கடைசியில் வேப்பந்தளிர் போன்ற இளம்பச்சைக்கு இருவரும் இறங்கி வந்தோம். கத்தரிப்பூ நிறத்தை யன்னல் சீலைக்கு வைத்துக்கொள்வது என்று உடன்பாடு.

வேலையை நான் தையிலேயே தொடங்கியிருப்பேன். மாமிதான் சுவரில் கையை வைத்துப் பார்த்து "இன்னும் குளிருது, பொறு" என்றா. அதுவும் சரிதான். சுவர் காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சொப்பிங் பை ஒன்றை வெட்டி, சுவரில் வைத்து, நான்கு பக்கமும் ரேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உட்பக்கம் நீர் பூத்திருந்தால் சுவர் ஈரம். நாங்கள் பங்குனி வரை பொறுத்தோம். புதிதாகச் சீமெந்து பூசிய சுவர் என்றால் குறைந்தது 28 நாள் காயவிட வேண்டும்.

பூசுவது ஒரு நாள் வேலை, சுவரை ஆயத்தப்படுத்துவது மூன்று நாள் வேலை. அடிப்பக்கத்தில் உவர் பூத்து வெள்ளைத் தூளாக நின்றது. அதைக் கழுவக்கூடாது. கழுவினால் உப்புக் கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும். காய்ந்த பிறஷால் தட்டிக் கூட்டி அள்ள வேண்டும். வெடிப்புகளைச் சுரண்டி, தூசி தட்டி, புட்டி அப்பி, காய்ந்ததும் சான்ட் பேப்பரால் தேய்த்தோம். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். ஆணி அடித்த ஓட்டைகளே பதினேழு இருந்தன. கொட்டிலில் இருந்த பழக்கம், கண்ட இடமெல்லாம் எதையாவது தொங்கவிடுகிறோம்.

சுண்ணாம்பு வேலையை முதலில் முடித்தோம். ஐந்து கிலோ சுண்ணாம்பு வாங்கினேன். நீறாத சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதித்தெழும். ஆகவே தண்ணீருக்குள்தான் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. பிளாஸ்ரிக் வாளி வேண்டாம், உருகிவிடும். சிறுபிள்ளைகள் கிட்ட நிற்கக்கூடாது. கண்ணில் தெறித்தால் கண் போய்விடும். தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரால் நெடுநேரம் கழுவிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். ஒருநாள் ஊறவைத்து, பழைய துணியால் வடித்து, ஒரு பிடி உப்பும் சொட்டு நீலமும் கலந்தோம். நீலம் கலந்தால் மஞ்சள் அடிக்காமல் வெள்ளை எடுப்பாகத் தெரியும். இந்தக் கைப்பக்குவம் மாமியுடையது. அவ சின்ன வயதில் வருடா வருடம் பொங்கலுக்கு முதல் வீட்டுக்கு வெள்ளையடித்தவ.

சுவருக்கு முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, பால் போல மெல்லியதாக அடிக்க வேண்டும். அடிக்கும்போது சுவரில் ஒன்றுமே தெரியாது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது, இன்னும் தடிப்பாக அடிக்கப் போனேன். "விடு, காய வெளுக்கும்" என்று வாசலில் கதிரை போட்டிருந்து மாமி அதட்டினா. பின்னேரம் பார்த்தால் சுவர் வெளுத்து நின்றது. தடிப்பாக அடித்தால் பொருக்கு வெடித்து விழும். மெல்லியதாக மூன்று தரம் அடித்தோம், ஒன்று காய்ந்த பிறகே மற்றது.

உட்சுவருக்குப் பிறைமர் பூசி ஓர் இரவு காயவிட்டோம். பிறகு பச்சை. மூலைகளையும் கதவு ஓரத்தையும் சிறிய பிறஷால் அடித்துவிட்டு நடுப்பகுதிக்கு றோலர். றோலரில் பெயின்ற்றை நிறைய எடுத்தால் முகத்தில் தெறிக்கும், சுவரில் வடியும். தட்டில் உருட்டிப் பிழிந்து எடுக்க வேண்டும். ஏணி இல்லாததால் வாங்கு ஒன்றின்மேல் ஏறி நின்றேன், மகள் பிடித்துக்கொண்டாள். பழைய பேப்பரை நிலத்தில் விரித்திருந்தோம். ஆனாலும் அவளுடைய தலைமயிரில் பச்சை இருந்தது.

முதற் சுவரில் ஒரு பிழை விட்டேன். பாதியில் உலை பொங்குகிறது என்று அடுப்படிக்கு ஓடி, வடித்து, கறிக்கும் தாளித்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து அடித்தேன். அதற்குள் முதற் பாதி காய்ந்துவிட்டது. சேர்ந்த இடத்தில் கோடு விழுந்துவிட்டது. இரண்டாம் தரம் அடித்தும் முற்றாக மறையவில்லை. ஒரு சுவரைத் தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. அடுத்த நாள் மகளைக்கொண்டு பாண் வாங்குவித்து, அடுப்பே மூட்டாமல் மற்றச் சுவரை ஒரே மூச்சில் முடித்தேன். அந்தக் கோடு இப்போதும் கட்டில் தலைமாட்டுக்குமேல் இருக்கிறது. வெளிச்சம் சரிந்து விழும்போது எனக்கு மட்டும் தெரியும்.

எமல்சன் என்றால் றோலரையும் பிறஷையும் தண்ணீரிலேயே உடனே கழுவலாம். யன்னல்களைத் திறந்துவிட்டு இரண்டு இரவு விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தோம்.

மூன்றாம் நாள் கட்டிலை இடம் மாற்றினோம். முன்பு யன்னலை மறித்துக்கொண்டு கிடந்தது. இப்போது உட்சுவரோடு போட்டு, யன்னலோரத்தை மேசைக்கு விட்டோம். என் பழைய கத்தரிப்பூ நிற வொயில் சேலையை யன்னல்களுக்குத் தைத்தேன். இதற்கு ஒரு தையற்காரியின் யோசனை: சேலையை நீளப்பாட்டுக்குத் தொங்கவிடாதீர்கள். குறுக்காக எடுங்கள். ஐந்தரை யார் சேலையை இரண்டாக வெட்டினால் நாலடி அகல யன்னல்கள் இரண்டுக்கும் சுருக்கு வைக்கத் தாராளமாகக் காணும். மேல் ஓரத்தில் கம்பி நுழைய மடிப்புத் தைத்தால் போதும். கீழ் ஓரம் மடிக்கத் தேவையில்லை, சேலைக் கரையே அழகான ஓரமாக வந்துவிடும். எங்கள் யன்னல் மூன்றரை அடி உயரம், அதற்கு அளவாக நின்றது. அதைவிட உயரமான யன்னல் என்றால் கட்டையாகத் தெரியும். முகம் பார்க்கும் கண்ணாடியை யன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினோம். அறைக்கு இன்னொரு யன்னல் வைத்தது போல இருக்கிறது. மகள் இப்போது பின்னேரம் ஆறு மணி வரை விளக்குப் போடுவதில்லை.

செலவு எல்லாமாக 13,400 ரூபா. இது 2024 பங்குனி விலை. உங்கள் ஊரில், நீங்கள் வாங்கும் நேரத்தில் வேறாக இருக்கும். அதில் பாதிக்குமேல் அந்த நாலு லீற்றர் பேணிக்கே போனது. கூலி இல்லை.

மிஞ்சிய கால் லீற்றர் பச்சையை மூடி இறுக்கி, நிழலில் வைத்தேன். ஒரு கிழமை கழித்து மாமி கேட்டா: "அந்தப் பச்சையில மிச்சம் இருக்கோ பிள்ளை? உந்த ரங்குப் பெட்டிக்கு அடிச்சால் என்ன?"

அந்தப் பெட்டியை நீங்கள் பார்த்ததில்லை. ஒவ்வொரு இடப்பெயர்விலும் மாமி விடாமல் தூக்கிக்கொண்டு போனது. உள்ளே பிறப்புச் சான்றிதழ்களும், அவருடைய இரண்டு சேட்டும், பள்ளிக்கூடத்துத் தேர்ச்சி அறிக்கையும் இருக்கின்றன. வெளியே துருப்பிடித்துப் பழைய பெயின்ற் செதிள் செதிளாக நின்றது. சுவர் எமல்சன் துருப்பிடித்த இரும்பில் நிற்காது என்று விளங்கப்படுத்தினேன். அதோடு பழைய பெயின்ற்றைக் கண்டபடி சுரண்டவும் கூடாது. எங்கள் நாட்டில் பெயின்ற்றில் சேரும் ஈயத்துக்குச் சட்டப்படி வரம்பு வந்தது 2013 இல்தான். அதற்கு முந்திய இனாமல்களில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளின் உடம்புக்குள் போனால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய், நனைத்து நனைத்து ஈரத்தோடே சான்ட் பேப்பரால் தேய்த்தேன். பக்கத்து வீட்டுச் சின்னனைக் கிட்ட அண்ட விடவில்லை. கழிவைப் பேப்பரில் சுற்றிக் கட்டி அப்புறப்படுத்தினேன். துருவுக்கு அடிக்கும் பிறைமர் கொஞ்சமும், சிறிய பேணி இனாமல் ஒன்றும் வாங்கினேன். சீட்டுக் காசின் மிச்சம் அதோடு சரி.

இனாமல் பேணி வாங்கப் போகும்போது என்ன நிறம் என்று மாமியிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "அவனுக்கு நீலம் விருப்பம்" என்றா. நீலம் அடித்தோம். இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததும் மாமி சாமான்களைத் திரும்ப அடுக்கினா. பெட்டியை விறாந்தையில் வைக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, அறைக்குள் கொண்டுபோய் யன்னலுக்குக் கீழே வைத்தா. இப்போது மத்தியானத்தில் அதன்மேல் இருந்துதான் வெற்றிலை இடிக்கிறா. சுண்ணாம்புச் சுவரில் முதுகைச் சாய்க்க வேண்டாம் மாமி, சட்டையில் ஒட்டும் என்று சொன்னால் கேட்பதில்லை.